சங்குச் சத்தத்துக்குள்

செவ்வாய், மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. போனில் கூப்பிட வழியில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கையை நீட்டுவார், நான் போனைக் கொடுத்துவிட வேண்டும். யாரோடு பேசினேன் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். உன் நம்பரை அவரே அழித்துவிட்டார். ஆனால் ஆபீஸுக்கு வரும் தபாலைப் பிரித்து அடுக்குவது இப்போது என் வேலை. அதனால் பதில் போட்டால் பிளான்ட் முகவரிக்குப் போடு. உறையில் உன் பெயர் வேண்டாம்.

நீ போன பிறகு மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டு, "மூத்ததுதான் வாயாடி. சின்னது வாயே திறக்காதே, அதை அனுப்பு" என்றாராம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு இப்படித்தான் உன் நாற்காலி கிடைத்தது. அதன் உயரத்தைக் குறைக்கத் தெரியாமல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் நீ எழுதிய பக்கம் நாள் முழுக்க என் முன்னால் திறந்திருக்கும். குளிர் அறைகளின் எண்கள், டிகிரி, கீழே சிவப்பாக சைரன் பட்டன்.

நான் எழுதக் காரணம் அதுவல்ல. உன் அறைக்குள்ளிருந்து சத்தம் வருகிறது.

நீ போன அன்றே அப்பா அதைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். உள்ளே யாரும் இல்லை. ஆனால் சில நாட்களில் உள்ளே ஏதோ கீச்சென்று கத்துகிறதாம். நான் கேட்டதில்லை, அந்த நேரம் ஆபீஸில் இருப்பேன். அம்மா மட்டும்தான் கேட்டிருக்கிறாள். அப்பாவிடம் சொன்னதற்கு, "காதை டாக்டர்கிட்ட காட்டு" என்றார். அதிலிருந்து அவரிடம் சொல்வதில்லை. கதவில் கன்னத்தை வைத்து நிற்கிறாள். "அவதான் கூப்பிடுறா, எனக்குத் தெரியாதா" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

அக்கா, அது நீயா? அங்கிருந்தே ஏதாவது செய்கிறாயா? நீயாக இருந்தால் நிறுத்திவிடு. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

மூன்றாம் அறைக்குப் பின்னால் போனால் இன்னும் கண் எரிகிறது. நீ காட்டிய பைப்புக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பார்க்கப் புதுசு போல இருக்கிறது.

உன் தங்கை

&nbsp;

திங்கள், மார்ச் 10

எலிக்குட்டி,

இத்தனை மாதம் கழித்து எழுதுகிறாய். அதிலும் கேட்கிற ஒரே கேள்வி "அது நீயா" என்பது. ரொம்ப நன்றாக இருக்கிறது.

பைப் துருப்பிடித்து உதிர்கிறது, அதற்குள் ஓடுவது தண்ணீர் இல்லை, அறைகளைக் குளிர வைக்கும் அம்மோனியா என்று சொன்னேன். அது ஒரு குற்றமா? அதற்கு அப்பா அத்தனை பேர் முன்னால் மேனேஜரைக் கையெடுத்துக் கும்பிட்டு, "இவளுக்குப் புத்தி இல்லை சார், மன்னிச்சிடுங்க" என்றார். நீ கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதையெல்லாம் எழுத வேண்டாம் என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதிலும் வந்துவிட்டது. போகட்டும்.

நான் எதையும் செய்யவில்லை. அம்மா கேட்பது பேயும் இல்லை, நானும் இல்லை. என் ஷெல்ஃபில் புத்தகங்களுக்குப் பின்னால் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அது சின்ன சைரன். பிளான்ட்டின் வைஃபை நம் குவார்ட்டர்ஸ் வரைக்கும் வருவதால், புரோகிராம் எழுதும்போது வீட்டிலிருந்தே சோதித்துப் பார்க்க வாங்கி வைத்தேன். ஒவ்வொரு தடவையும் பெரிய சைரனை அலற விட முடியாதே.

ஆனால் அது தானாகக் கத்தாது. யாராவது கத்தச் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் நைசாகக் கேள், எந்தக் கிழமை, எந்த நேரம் என்று. நான் போன பிறகு அந்தக் கம்ப்யூட்டர் எப்போதாவது அணைந்ததா? திரும்ப ஓடவிட்டது யார்? அப்புறம், அந்தப் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, நிலை என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் பார். நான் எனக்காக வைத்துக்கொண்ட மறைவான பக்கம் அது. பக்கத்தை ஓட்டும் வெப் சர்வர் தன் கையில் என்னென்ன குறிப்புகளை வைத்திருக்கிறது என்று காட்டும். அதில் உள்ளதை அப்படியே எனக்கு எழுது.

இன்னொன்று. பிளான்ட் கூரையில் இருக்கும் பெரிய சைரனை உன் காதால் கடைசியாக எப்போது கேட்டாய்? யோசித்துச் சொல்.

அக்கா

&nbsp;

சனி, மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். வாய் வரைக்கும் வந்தது. எனக்கு எப்போதும் அங்கேயே நின்றுவிடும்.

நீ கேட்டதற்குப் பதில். கம்ப்யூட்டர் அணைந்தது. நீ போய்ச் சில வாரத்தில் நாள் முழுக்கக் கரண்ட் இல்லை, பேட்டரியும் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு பக்கம் திறக்கவில்லை. வெளியிலிருந்து கம்ப்யூட்டர் பார்க்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். கழுத்தில் எப்போதும் ஹெட்போனை மாலை மாதிரிப் போட்டிருப்பார். ஹெட்போன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவர் வந்ததும் பக்கம் திறந்தது. ஆனால் சைரன் பட்டனை அமுக்கினால் "கட்டளை கிடைக்கவில்லை" என்று சிவப்பில் வந்தது. "யாரும்மா இதை எழுதினது, வீட்டுக்குக் கோலம் போட்ட மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு எதையோ நீளமாக அடித்தார். பிறகு அமுக்கினால் பச்சை டிக் வந்தது. "இனிமே கரண்ட் போய் வந்தாலும் அதுவே எழுந்துக்கும். யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைதோறும் சைரனைச் சோதிக்க வேண்டும். உன் காலத்தில் தனியாக அடிப்பீர்களாமே. எதிர்த் தெரு வீடுகளில் குழந்தைகள் பயந்து அழுவதாகப் புகார் வந்தது. அதனால் ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதும்போதே பட்டனையும் அமுக்கிவிடச் சொல்லிவிட்டார் மேனேஜர். "ஒரே சத்தமா போயிடும், யாருக்கும் தொந்தரவு இல்லை." நானும் அப்படித்தான் செய்கிறேன். சங்கு தொடங்கியதும் அமுக்குவேன், டிக் வரும், சங்கு நிற்பதற்குள் நிறுத்திவிடுவேன்.

அம்மாவிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமைதானாம். சங்கு ஊதும்போதுதானாம்.

நான் பட்டனை அமுக்கும்போதுதான், அக்கா.

பெரிய சைரனைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. சரக்கு அடுக்கும் நெட்டையிடம் கேட்டேன்.

"நேத்துகூட அடிச்சுதே! காது கிழிஞ்சு போச்சு."

"அது சங்கா, சைரனா?"

"எலி பேசுது! டேய், எல்லாரும் ஓடி வாங்க, எலி பேசுது!" என்று கத்தினான். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பிறகு அவனே தலையைச் சொறிந்துகொண்டு, "ரெண்டும் சேர்ந்துதானே வரும்?" என்றான்.

நிலைப் பக்கத்தில் நான்கே வரிகள் இருக்கின்றன. ஹோம், பாத், மொழி, யார் ஓட்டுகிறார்கள் என்பது. சைரன் என்று தொடங்கும் வரி எதுவும் இல்லை. இருக்க வேண்டுமா?

உன் தங்கை

&nbsp;

வியாழன், மார்ச் 20

எலிக்குட்டி,

இருக்க வேண்டும்.

பொறுமையாகப் படி. பெரிய சைரனின் முகவரியை நான் புரோகிராமுக்குள் எழுதவில்லை. என் லாகினில் ஒரு குறிப்பாக வைத்தேன். என்விரான்மென்ட் வேரியபிள் என்பார்கள். நான் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தால் அந்தக் குறிப்பும் கூடவே வரும். அங்கிருந்து எதை ஓடவிட்டாலும் அதற்கும் போய்ச் சேரும். வெப் சர்வரையும் அங்கிருந்துதான் கையால் ஓடவிட்டிருந்தேன். அதனால் என் காலத்தில் பட்டனை அமுக்கினால் கூரை அதிர்ந்தது.

ஹெட்போன் அதைத் தானாக எழுந்துகொள்ளும்படி மாற்றிவிட்டார். அது தப்பே இல்லை. ஆனால் அப்படி எழுந்திருக்கும் சர்வர் என் லாகின் வழியாக வருவதில்லை, வெறும் கையோடு வருகிறது. சைரன் கட்டளை எந்த இடத்தில் இருக்கிறது என்பதே முதலில் அதற்குத் தெரியவில்லை. அதுதான் நீ பார்த்த சிவப்பு வரி. அவர் முழு இடத்தையும் எழுதிக்கொடுத்தார், கட்டளை ஓடியது. யாருக்கு அனுப்புவது என்ற முகவரி மட்டும் அதனிடம் இல்லை.

முகவரி இல்லாவிட்டால் எங்கே அனுப்ப வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன் தெரியுமா? என் ஷெல்ஃபில் இருக்கும் பெட்டிக்கு. சோதிக்கும்போது வசதியாக இருக்கும் என்று. ஏதோ ஒரு சைரன் பதில் சொன்னால் போதும், பச்சை டிக் வந்துவிடும். எது பதில் சொன்னது என்று அது பார்க்காது. நானும் பார்க்கவில்லை.

கரண்ட் போன நாளிலிருந்து பெரிய சைரன் அடிக்கவே இல்லை. சங்கை மட்டும் கேட்டுவிட்டு எல்லோரும் வேலைக்குத் திரும்புகிறீர்கள். நாளைக்கு அந்தப் பைப் போனால் நீ பட்டனை அமுக்குவாய், கத்துவது என் அறை. அப்பா மெஷின் ஹாலுக்குள்ளேயே நிற்பார்.

சரி செய்வது சின்ன வேலை. சர்வர் எழுந்திருக்கும்போது படிக்கும் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்து, சர்வரை அணைத்துத் திரும்ப எழுப்ப வேண்டும். அந்த வரியையும் எந்தக் கோப்பு என்பதையும் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். உன்னிடம் பாஸ்வேர்ட் இல்லை. ஹெட்போனிடம் கொடு. அதற்கு முன்னால் சங்கு ஊதாத நேரத்தில் ஒரு தடவை அமுக்கு, மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது.

அப்பாவிடமும் சொல். நான் சொன்னேன் என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். உன் போனோடு தபாலும் நின்றுவிடும். தெரிந்துதான் சொல்கிறேன்.

அக்கா

&nbsp;

புதன், மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. நீ கவலைப்படாதே. வரிசையாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை முற்பகல் மேனேஜர் கையெழுத்துப் போட என் மேசைக்கு வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "சார், கொஞ்சம் கேளுங்க" என்றேன்.

"என்ன கேக்கணும்?"

"சும்மா... கேளுங்க சார்."

அமுக்கினேன். டிக் வந்தது. மின்விசிறி ஓடும் சத்தம்தான் கேட்டது.

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான் சார்."

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பேனா மூடியைத் திருகிக்கொண்டே நின்றார். அதற்குள் குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். கிழமை மாறிக் கேட்டதும் அவளால் இருக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும், "அவ வந்துட்டாளா?" என்று கேட்டாள். நான் அவளைத் தண்ணீர் குடிக்க வைத்து அனுப்பினேன்.

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?" என்றார் மேனேஜர். அம்மாவுக்குக் கேட்ட சத்தத்தை வைத்துத்தான் என்றேன். பொய் இல்லையே. அவர் ஹெட்போனைக் கூப்பிட்டார். "இன்ஸ்பெக்ஷன் வருது, அதுக்குள்ள முடிச்சிடு. வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது. உனக்கும்தான், பொண்ணே. நீதான் பேசவே மாட்டியே, உனக்கென்ன கஷ்டம்" என்றார்.

உன் சீட்டை என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஹெட்போன், "எல்லாம் தெரியும்மா" என்று மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ அடித்தார். உடனே கூரையில் சைரன் அலறியது பார், அக்கா! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஹாலிலிருந்து எல்லோரும் முற்றத்துக்கு ஓடி வந்தார்கள். நெட்டைதான் முதல் ஆள். "அம்மோனியா மேலதான் போகும், உயரமானவனைத்தான் முதல்ல பிடிக்கும். குள்ளனுங்க எல்லாம் மெதுவா நடந்து வாங்கடா!" என்றான். அப்பா சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேனேஜர் சொன்னதால் அப்பா உன் அறையைத் திறந்துவிட்டார். பெட்டியின் ஒயரைப் பிடுங்கி எடுத்துவிட்டேன். போர்வைகூட நீ போட்டபடி கிடக்கிறது. "இனிமே கத்தாதா?" என்று அம்மா கேட்டாள். கத்தாது என்றேன். அவள் உன் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அப்பாவிடம் உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்று தோன்றியது. உன் கடிதங்கள் நின்றுபோவதும் எனக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை வழக்கம் போல சங்கோடு சேர்த்து அமுக்கினால் போதும் என்றிருக்கிறார் மேனேஜர்.

உன் தங்கை

&nbsp;

திங்கள், மார்ச் 31

எலி,

அவசரத் தபாலில் அனுப்புகிறேன். கையில் கிடைத்த உடனே படி.

ஹெட்போன் கறுப்புத் திரையிலிருந்துதான் அடித்தார் என்று எழுதியிருக்கிறாய். பட்டனை யாராவது அமுக்கிப் பார்த்தீர்களா? சர்வரை அணைத்துத் திரும்ப எழுப்பினாரா? எழுப்பியிருந்தால் பக்கம் கொஞ்ச நேரம் திறக்காமல் இருந்திருக்கும். நீ அதை எழுதவில்லை. அவர் அந்த வரியைத் தன் லாகினில் எழுதியிருந்தால் அவர் அடித்தால் அடிக்கும், நீ அமுக்கினால் அடிக்காது. நான் செய்த அதே தப்பு. இப்போது என் அறைப் பெட்டியும் இல்லை. அது இருந்தவரைக்கும் அம்மாவுக்காவது கேட்டது. பெட்டியைப் பிடுங்கினால் சிவப்பு வரும் என்று நினைக்காதே, பழைய பதிலையே வைத்துக்கொண்டு டிக் போட்டாலும் போடும். அந்த இடத்தை நான் ஒழுங்காக எழுதவில்லை.

நிலைப் பக்கத்தைத் திற. சைரன் வரி இருக்கிறதா என்று பார். இல்லை என்றால் அந்த நிமிடமே ஹாலுக்குப் போய் அப்பாவிடம் சொல். அக்கா சொன்னாள் என்றே சொல். தபால் நின்றால் நிற்கட்டும்.

ஆபீஸுக்குப் போன் செய்தேன். மேனேஜர் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். லீவு கேட்டிருக்கிறேன், பதினோராம் தேதிக்கு முன்னால் விட மாட்டோம் என்கிறார்கள். அன்றைக்குக் கிளம்பி வருகிறேன். என் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடு.

வாயைத் திற, எலிக்குட்டி. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

&nbsp;

செவ்வாய், ஏப்ரல் 8

அக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பைப் வெடித்தது புதன்கிழமை.

நீ கொடுத்த நம்பருக்கு அடித்தேன். நீ "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். அது நான்தான். பேசினால் வராது, எழுதினால்தான் வரும்.

முற்பகலில் ஹாலிலிருந்து போன் வந்தது. அப்பாதான். "மூணாவது ரூம் பின்னால விட்டுக்கிச்சு, சைரன் அடி" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அமுக்கினேன். டிக் வந்தது. ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் இரண்டு பேர் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. ஒருவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். மறுபடியும் அமுக்கினேன். மறுபடியும் டிக். அமுக்கிக்கொண்டே இருந்தேன். எழுந்து ஓட வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது. ஓடினேன். கத்தினேன். என் குரல் அங்கே யாருக்கும் பழக்கமில்லை. லாரிக்காரர்கள் யாருடைய பிள்ளை அழுகிறது என்று பார்த்தார்கள்.

மூன்றாம் அறையில் நெட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். சைரன் அடித்தால் வெளியே வந்துவிடுவான் என்று அப்பா வால்வை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். அடிக்கவில்லை, அவனும் வரவில்லை. அப்பா உள்ளே போய் அவனை இழுத்து வந்தார். நெட்டை தன் காலால் நடந்துதான் வெளியே வந்தான். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான்.

அப்பாவுக்குக் கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

வியாழக்கிழமை உன் கடிதத்தைப் படித்துவிட்டு நிலைப் பக்கத்தைத் திறந்தேன். அதே நான்கு வரிகள்தான். ஹெட்போன் அழுகிற மாதிரி, "என் ஸ்கிரீன்ல அடிச்சுதே, நீங்க எல்லாரும் கேட்டீங்களே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விசாரணைக்கு அதிகாரி வந்தபோது மேனேஜர் கம்ப்யூட்டர் பதிவைக் காட்டினார். "ஒரு தடவை இல்ல சார், பாருங்க, இத்தனை தடவை அடிச்சிருக்கு. வேலையாளுங்க வெளிய வரல, நாங்க என்ன பண்றது?" அத்தனையும் நான் அமுக்கியவை. "அடிக்கலை சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அது எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

அதிலிருந்து மேனேஜர் பேச்சை மாற்றிக்கொண்டார்.

நேற்று அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இன்று காலை மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். ரொம்ப அன்பாகப் பேசினார். குவார்ட்டர்ஸிலேயே இருக்கலாம், மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம், ஒரு கையெழுத்துதான் என்றார். அப்பாவின் விரலைப் பிடித்துத் தாளில் வைத்து, "இந்த இடத்துல போட்டா போதும்" என்றார்.

அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பி, "படி" என்றார்.

படித்தேன். வேலையை விட்டு நீக்கப்பட்ட பெண் ஒருத்தி, போகும்போது பழிவாங்கும் எண்ணத்தோடு சைரன் புரோகிராமை வேண்டுமென்றே மாற்றிவிட்டுப் போனாள் என்றிருந்தது.

"வேண்டுமென்றேன்னா போட்டிருக்கு?"

"ஆமாப்பா."

"வேற, பைப்பைப் பத்தி ஏதாவது இருக்கா?"

"இல்லைப்பா."

மேனேஜர், "அது சும்மா ஒரு வார்த்தைதான். அவதான் இப்ப உங்க வீட்டுலயே இல்லையே" என்றார்.

அப்பா கையெழுத்துப் போடாமல் பேனாவைத் திருப்பி நீட்டினார். மேனேஜர் இருந்த பக்கம் தெரியாமல் சுவரைப் பார்த்து நீட்டினார். நான் வாங்கி மேனேஜரிடம் கொடுத்தேன். "அவ அன்னைக்கே சொன்னா. நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன்" என்றார் அப்பா. மேனேஜர் தாளை மடித்துக்கொண்டு, வார முடிவுக்குள் வீட்டைக் காலி செய்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு உன் கடிதங்களை எல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நீ என் மேல் கோபப்பட்ட இடத்தையும் விடவில்லை. அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே, "எங்க போறது?" என்று கேட்டாள். அப்பா உன் ஊரின் பெயரைச் சொன்னார்.

அதனால் நீ கிளம்பாதே. நாங்கள் வருகிறோம். உன் மேல் புகார் கொடுக்கப்போவதாகப் பேச்சு இருக்கிறது. யாராவது வந்து கேட்டால் அப்பா வந்த பிறகு பேசு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளான்ட் ஹாலில் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. தரை லேசாக அதிர்கிறது. அப்பா படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கட்டுப் போட்ட முகத்தைச் சத்தம் வரும் பக்கம் திருப்பி, "உள்ள யாரை விட்டிருக்காங்க?" என்று கேட்கிறார்.

உன் தங்கை